திரைக்கதை எழுதும் முன்பே உதவித்தொகை: ட்ரீட்மென்ட் மட்டும் வைத்து விண்ணப்பிப்பது எப்படி?

காகிதக்கப்பல் கேட்டது:

முழுநீளப் படத்துக்கான கதை 11 பக்க ட்ரீட்மென்ட்டாக, அதாவது உரைநடையில் எழுதிய முழுக் கதையாகக் கையில் இருக்கிறது. திரைக்கதையை இன்னும் தொடங்கவில்லை. தயாரிப்பாளர் கிடையாது. இயக்கப்போவதும் நான்தான், இதற்கு முன் 2 குறும்படங்கள் முடித்திருக்கிறேன். ஓராண்டு உட்கார்ந்து எழுதுவதற்கு உதவித்தொகை கேட்கலாம் என்று படிவங்களைப் பார்த்தால் ஒன்று முழு ஸ்கிரிப்ட் கேட்கிறது, இன்னொன்று தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைக் கேட்கிறது, மற்றொன்றில் 'டெவலப்மென்ட் பிளான்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்றே புரியவில்லை.

என் சந்தேகங்கள்: இந்த நிலையில் இருக்கும் கதையை யார் ஏற்பார்கள்? பட்ஜெட்டில் என் சம்பளத்தைப் போடலாமா? கதையை நண்பர் ஒருவரோடு பேசிப்பேசி உருவாக்கினேன், அவர் பெயரை எங்கே காட்டுவது? கதைச்சுருக்கத்தில் முடிவைச் சொல்லிவிட வேண்டுமா?

இப்போதைக்கு லாக்லைன் (கதையை ஓரிரு வாக்கியத்தில் சொல்வது) இப்படி இருக்கிறது: "கடந்த காலத்திலிருந்து வரும் ஒரு குரல் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே திருப்பிப் போடுகிறது. உண்மையா, பாசமா? அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்?"

கதை இதுதான்: நீதிமன்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை பார்க்கும் பெண், பழைய கொலை வழக்கொன்றின் நாடாவில் தன் அண்ணனின் குரலைக் கேட்கிறாள். எழுதி முடித்ததும் நாடாவை அழித்துவிடுவார்கள். வழக்கில் வேறொருவர் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

---

மூன்றாம்வரைவு எழுதியது:

எந்தப் பணம் படவேலையின் எந்தக் கட்டத்துக்கு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தயாரிப்புக்கான நிதிக்கு ட்ரீட்மென்ட்டை அனுப்பிவிட்டுக் காத்திருந்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பெர்லின் விழாவோடு சேர்ந்து 2004இல் தொடங்கிய 'வேர்ல்ட் சினிமா ஃபண்ட்' பெயரைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் தருவதுபோலத் தோன்றும். அது படமெடுக்கவும் வெளியிடவும் உதவுவது, உட்கார்ந்து எழுதுவதற்கு அல்ல. ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்க அகாடமியின் 'நிக்கல் ஃபெலோஷிப்' 35,000 டாலர் தருகிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் எழுதி முடித்த முழுத் திரைக்கதைகளிலிருந்து தேர்ந்தெடுப்பது. உங்கள் 11 பக்கத்துக்கு அங்கே இடமில்லை.

உங்கள் நிலைக்குப் பொருந்துவது 'டெவலப்மென்ட்', அதாவது கதை வளர்ச்சி என்ற தலைப்பில் வருபவை. ராட்டர்டாம் திரைப்பட விழாவின் 'ஹ்யூபர்ட் பால்ஸ் ஃபண்ட்' இதில் பழையது. விழாவைத் தொடங்கிய ஹ்யூபர்ட் பால்ஸ் 1988இல் இறந்த பிறகு அவர் பெயரில் அமைந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, மத்திய கிழக்கு, கிழக்கு ஐரோப்பாவின் சில பகுதிகளைச் சேர்ந்த இயக்குநர்களுக்கானது. டெவலப்மென்ட் கட்டத்துக்கு ஒரு படத்துக்கு 10,000 யூரோ என்பது அங்கே வழக்கமான தொகை. தகுதியுள்ள நாடுகளின் பட்டியலும் விதிகளும் சுற்றுக்குச் சுற்று மாறும். போன ஆண்டு யாரோ சேமித்து வைத்த கோப்பை நம்பாதீர்கள், திறந்திருக்கும் சுற்றின் விதிமுறையை இறக்கிப் படியுங்கள்.

பெரிய தொகை தராமல் முக்கியமாக நேரத்தையும் ஆலோசகரையும் தரும் இடங்களும் உண்டு. கான் விழாவின் 'ரெசிடென்ஸ்' 2000 முதல் நடக்கிறது. முதல் அல்லது இரண்டாம் முழுநீளப் படத்தை எழுதும் இயக்குநர்களை நாலரை மாதம் பாரிஸில் தங்கவைத்து எழுதவைப்பார்கள். இயக்குநராகவும் இருக்கிறீர்கள் என்பது அங்கே உங்களுக்குச் சாதகம். எழுத்தாளராக மட்டும் இருப்பவருக்கு அது பொருந்தாது. 2008இல் தொடங்கிய 'டொரினோ ஃபிலிம் லேப்' நடத்தும் ஸ்கிரிப்ட் லேப் என்ற திரைக்கதைப் பட்டறை ஆரம்ப நிலைக் கதைகளுக்கென்றே அமைந்தது. லேப்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பங்கேற்புக் கட்டணம் உண்டா, பயணச் செலவு யாருடையது, கட்டண விலக்கு கேட்டால் தருவார்களா? தேர்வான பிறகு இதைக் கேட்டு மனம் உடைவதைவிட முன்பே பார்த்துவிடலாம்.

இவை தவிர, பல நாடுகளில் அரசுத் திரைப்பட அமைப்புகளே கதை வளர்ச்சிக்குப் பணம் தருகின்றன. பிரிட்டனின் பிஎஃப்ஐ, ஸ்கிரீன் ஆஸ்திரேலியா, டெலிஃபிலிம் கனடா எல்லாம் அந்த வகை. அங்கே வசிப்புரிமைதான் முதல் வடிகட்டி. நீங்கள் வசிக்கும் நாட்டில் இப்படி ஓர் அமைப்பு இருந்தால் சர்வதேச நிதிகளுக்கு முன் அதைப் பாருங்கள். போட்டி குறைவு, ஆட்களை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியும்.

இப்போது 'டெவலப்மென்ட் பிளான்' கட்டத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தின் இதயம் அதுதான், பலரும் மூன்று வரியில் முடித்துவிடுவதும் அதைத்தான்.

தேர்வுக் குழு உங்கள் படத்தை வாங்கவில்லை. கையிலிருக்கும் 11 பக்கத்துக்கும் அடுத்த வரைவுக்கும் நடுவே இருக்கும் தூரத்துக்குத்தான் பணம் தருகிறார்கள். ஆகவே அந்தத் தூரம் இருக்கிறது என்பதை நீங்களே காட்ட வேண்டும். "கதை தயார், எழுத நேரம் மட்டும் வேண்டும்" என்று எழுதினால், தயாரான கதைக்கு எதற்குப் பணம் என்று அடுத்த கோப்பை எடுத்துவிடுவார்கள். எது இன்னும் தீரவில்லை, அதைத் தீர்க்க என்ன செய்யப்போகிறீர்கள், அதற்கு எத்தனை வாரம், யார் துணை: இதைத்தான் அங்கே எழுத வேண்டும்.

உங்கள் கதையிலேயே ஒன்று தெரிகிறது. நாயகி நாடாவைக் கேட்கிறாள். பிறகும் கேட்கிறாள். படத்தின் நடுப்பகுதி முழுக்க ஒருத்தி காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தால் திரையில் என்ன நடக்கும்? இதைக் குழுவில் இருக்கும் யாரும் முதல் வாசிப்பிலேயே கேட்பார்கள். அந்தக் கேள்வியை நீங்களே முன்வந்து வைத்து, "முதல் வரைவில் இதற்கு இப்படி வழி தேடப்போகிறேன்" என்றால் அது பலம். மறைத்தால் பலவீனம்.

---

நிழல்மேடை எழுதியது:

ஆவணங்களைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் பெயர்க் குழப்பம். நம் சினிமாவில் 'ஒன்லைன்' என்றால் சிலர் ஒரு வரிக் கதையைச் சொல்வார்கள், சிலர் சீன் ஆர்டரையே, அதாவது காட்சிகளின் வரிசைப் பட்டியலையே ஒன்லைன் என்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் 'லாக்லைன்' என்றால் ஒன்று அல்லது இரண்டு வாக்கியம் மட்டும். 'சினாப்சிஸ்' என்ற கதைச்சுருக்கம் பெரும்பாலும் ஒரு பக்கம். 'ட்ரீட்மென்ட்' என்றால் கதை முழுவதும் உரைநடையில், படிவத்தைப் பொறுத்து 5 முதல் 15 பக்கம் வரை. சீன் எண் போட்ட பட்டியலை ட்ரீட்மென்ட் என்று அனுப்பினால் வாசிப்பவர் கதைக்குள் நுழையவே முடியாது.

உங்கள் லாக்லைனை எடுத்துக்கொள்வோம். 'கடந்த காலக் குரல்', 'வாழ்க்கையைத் திருப்பிப் போடுகிறது', 'உண்மையா பாசமா': இந்த மூன்றையும் வேறு ஆயிரம் கதைகளுக்கு ஒட்டலாம். உங்கள் கதைக்கு மட்டுமே சொந்தமான மூன்று விஷயங்கள் அதில் இல்லவே இல்லை. அவள் வேலை, அழியப்போகும் நாடா, உள்ளே இருக்கும் அந்த இன்னொரு ஆள். கேள்விக்குறியும் வேண்டாம். அது போஸ்டரில் போடுவது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "நீதிமன்ற ஒலிநாடாக்களை எழுத்தாக்கும் பெண், முடிந்துபோன ஒரு கொலை வழக்கின், தான் எழுதி முடிக்கும் நாளில் அழிக்கப்படப்போகும் நாடாவில் தன் அண்ணனின் குரலைக் கேட்கிறாள். சொன்னால் அண்ணன் சிறைக்குப் போவான், சொல்லாவிட்டால் குற்றம் செய்யாத ஒருவர் சிறையிலேயே இருப்பார்."

இதில் ஆள் இருக்கிறது, வேலை இருக்கிறது, கெடு இருக்கிறது, இரண்டு பக்கமும் இழப்பு இருக்கிறது. அலங்காரம் ஒன்றும் இல்லை. கெடு அவள் கையிலேயே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அவள் எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்கிறாளோ அவ்வளவு சீக்கிரம் சாட்சி அழியும். உங்கள் கதையின் தங்கம் இதுதான், நீங்கள் கேள்வியில் கடைசி வரிக்கு முன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

சினாப்சிஸில் முடிவு கட்டாயம் இருக்க வேண்டும். "மீதியைத் திரையில் காண்க" பாணியில் நிறுத்தினால், எழுதியவருக்கே முடிவு தெரியவில்லை என்றுதான் குழு எடுத்துக்கொள்ளும். முடிவு உறுதியாகவில்லை என்றால்கூட, இப்போதைய முடிவை எழுதிவிட்டு டெவலப்மென்ட் பிளானில் அதைத் திரும்பப் பரிசீலிக்கப்போவதாகச் சொல்லலாம். ஒரு பக்கச் சினாப்சிஸில் ஐந்தாறு பெயருக்கு மேல் வேண்டாம். மற்றவர்களை 'மேலதிகாரி', 'வழக்கறிஞர்' என்று வேலையால் குறிப்பிடுங்கள். முதன்முதல் வரும் இடத்தில் வயதையும் தொழிலையும் சேர்த்துவிட்டால் வாசிப்பவர் பின்னால் திரும்ப வேண்டியிருக்காது.

ட்ரீட்மென்ட்டுக்கு ஒரு சோதனை. 11 பக்கத்தையும் அச்செடுத்து, கதையின் நடுத் திருப்பம் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று பேனாவால் கோடு போடுங்கள். ஐந்து, ஆறாம் பக்கத்தில் வர வேண்டும். பெரும்பாலும் எட்டாம் பக்கத்தில்தான் வரும். அறிமுகத்துக்கு நாலு பக்கம் போயிருக்கும், கடைசி மூன்றிலொரு பங்கு கதை ஒரே பக்கத்தில் ஓடியிருக்கும். வாசிப்பவர் இதைக் கணக்குப் போடாமலே உணர்ந்துவிடுவார்: தொடக்கத்தை ஆசையாக யோசித்திருக்கிறார், முடிவை இன்னும் யோசிக்கவில்லை என்று.

நிகழ்காலத்தில் எழுதுங்கள். கேமரா கோணம், பின்னணி இசை, 'கட் டு' எதுவும் வேண்டாம். "அவள் மனதுக்குள் புயல் வீசுகிறது" என்பது திரையில் தெரியாது. "அவள் நாடாவை மூன்று விநாடி பின்னுக்கு ஓட்டுகிறாள். மறுபடியும் ஓட்டுகிறாள். தட்டச்சுப் பக்கத்தில் அந்த வரியை மட்டும் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறாள்" என்பது தெரியும். வசனம் இரண்டு மூன்று இடத்தில் போதும், அதுவும் அந்தச் சொல்லே திருப்பமாக அமையும் இடத்தில்.

இயக்குநர் குறிப்பு கேட்டால் கருப்பொருளைப் பற்றிப் பேருரை எழுத வேண்டாம். 'நீதி என்றால் என்ன' என்று தொடங்கும் குறிப்புகள் ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் படம் எப்படிக் கேட்கும், எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். நாடாவில் இருப்பவர்களைப் பார்வையாளர் ஒருமுறையாவது பார்ப்பாரா, அல்லது கடைசி வரை குரல் மட்டும்தானா? இந்த ஒரு முடிவைப் பற்றி அரைப் பக்கம் எழுதினாலே நீங்கள் இயக்குநர் என்று நம்புவார்கள்.

மாதிரிக் காட்சி கேட்டால் முதல் காட்சியை அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். இரண்டு பேருக்கு இடையே ஏதோ மாறும் காட்சியை, மூன்று நான்கு பக்கத்தில், 'கூரியர்' எழுத்துருவில் 12 புள்ளி அளவில் முறையான திரைக்கதை வடிவத்தில் எழுதுங்கள். தமிழ் மூலத்தையும் இணைப்பதாக இருந்தால் பிடிஎஃப்பில் எழுத்துருவை உட்பொதித்துவிட்டு வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அங்கே கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அவர்களுக்கும் அப்படித்தான் தெரியும்.

குறும்பட இணைப்புகளில் கடவுச்சொல் மாறாமல், ஆங்கில சப்டைட்டிலோடு, முடிவு அறிவிக்கும் நாள்வரை திறக்க வேண்டும். கடைசி நாள் என்பது அவர்கள் ஊர் நேரப்படி. இதில் தவறவிட்டால் முறையீடு கிடையாது.

---

கணக்குச்சிட்டை எழுதியது:

பணம், ஒப்பந்தம் இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் சம்பளத்தைப் போடலாம். போட வேண்டும். எழுத்துநிலை உதவியின் பெரிய பங்கே எழுதுகிறவரின் நேரத்துக்குத்தான். சிலர் கூச்சத்தில் அதைச் சுழியமாக விட்டுவிட்டு ஆய்வுப் பயணம், உபகரணம் என்று நிரப்புவார்கள். குழு அதைப் பார்த்தால், இவர் ஒரு வருடம் எதைச் சாப்பிட்டு எழுதப்போகிறார், பாதியில் வேறு வேலைக்குப் போய்விடுவாரே என்று யோசிக்கும்.

10,000 என்ற தொகையை எப்படிப் பிரிக்கலாம் என்று ஒரு மாதிரி தருகிறேன். நாணயம் எதுவானாலும் விகிதத்தைப் பாருங்கள். எழுத்தாளர் ஊதியம் 5,000, அதில் முதல் வரைவுக்கு 3,500, இரண்டாம் வரைவுக்கு 1,500. ஸ்கிரிப்ட் ஆலோசகர் 4 அமர்வு, அமர்வுக்கு 400 வீதம் 1,600. கள ஆய்வு 7 நாள், நாளுக்கு 200 வீதம் 1,400. மொழிபெயர்ப்பு 100 பக்கம், பக்கத்துக்கு 12 வீதம் 1,200. ஒப்பந்தம், சட்ட ஆலோசனை 500. எதிர்பாராச் செலவு 300. கூட்டினால் சரியாக 10,000 வரும். ஒவ்வொரு வரியிலும் 'எத்தனை × எவ்வளவு' என்று இருக்க வேண்டும். "ஆய்வு: 2,000" என்று மொத்தமாகப் போட்டால் அது யோசிக்காமல் போட்ட எண் என்று உடனே தெரியும்.

பட்ஜெட்டும் டெவலப்மென்ட் பிளானும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும், அநேகம் பேர் சறுக்குவது இங்கேதான். பிளானில் "ஒலிப்பதிவு எழுத்தாக்குபவர்களோடு ஒரு வாரம் செலவிடுவேன்" என்று எழுதியிருந்தால் பட்ஜெட்டில் அந்த 7 நாள் இருக்க வேண்டும். பட்ஜெட்டில் ஆலோசகருக்கு 4 அமர்வு இருந்தால் கால அட்டவணையில் அந்த 4 அமர்வும் எந்த மாதம் என்று இருக்க வேண்டும். கணினி, கேமரா, டீசர் படப்பிடிப்பு, விழாப் பயணம் இவையெல்லாம் எழுத்துநிலை நிதியில் பொதுவாக ஏற்கப்படாதவை. ஒப்பந்தத் தேதிக்கு முன் செய்த செலவையும் ஏற்கமாட்டார்கள். முடிவு வருவதற்கு முன்பே ஆய்வுப் பயணம் போய்விட்டு ரசீதை நீட்டுவதில் பயனில்லை.

கால அட்டவணை 10 முதல் 12 மாதம் இருந்தால் நம்பும்படி இருக்கும். முதல் இரண்டு மாதம் ஆய்வு, மூன்றாவது மாதம் சீன் ஆர்டர், நான்கு முதல் ஆறு வரை முதல் வரைவு, ஏழில் ஆலோசகரும் வாசகர்களும் படிக்கும் இடைவெளி, எட்டு முதல் பத்து வரை இரண்டாம் வரைவு, பதினொன்றில் மொழிபெயர்ப்பு. அந்த ஏழாம் மாத இடைவெளியைப் பலரும் போடுவதில்லை. வரைவை யாரும் படிக்காமலே அடுத்த வரைவு எப்படி வரும்?

தொகை ஒரே தவணையில் வராது. ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு பகுதி, வரைவையும் செலவுக் கணக்கையும் ஒப்படைத்த பிறகு மீதி. கடைசித் தவணை கைக்கு வருமுன் அந்தச் செலவை நீங்களே தாங்க வேண்டியிருக்கும், மொழிபெயர்ப்பாளருக்கு எப்போது கொடுப்பது என்பதை அதற்கேற்ப முன்பே பேசிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் என்றால் வங்கிக் கணக்கின் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், ஒப்பந்தப் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னா பின்னா என்ற வித்தியாசத்துக்கே பணம் நிற்கும். வரி பிடித்தம் உண்டா, தனிநபராக வாங்கலாமா, நிறுவனம் வேண்டுமா என்பதைக் கணக்காளரிடம் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு சொற்களைத் தேடுங்கள். ஒன்று, இது கொடையா, திருப்பித் தர வேண்டிய முன்பணமா? பல அரசு நிதிகளில் எழுதக் கொடுத்த தொகை, படம் தயாரிப்புக்குப் போனால் படப்பிடிப்பு தொடங்கும்போது திரும்பச் செலுத்த வேண்டியது. படமே நடக்கவில்லை என்றால் பொதுவாகத் திரும்பக் கேட்பதில்லை. இது மோசமான நிபந்தனை இல்லை. ஆனால் பின்னால் வரும் தயாரிப்பாளரின் பட்ஜெட்டில் அது ஒரு வரியாக ஏறும், அவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு, உரிமை. டைட்டிலில் நன்றியும் சின்னமும் கேட்பது இயல்பு. கதையின் காப்புரிமையையே எழுதிக் கேட்டால் அது உதவித்தொகை அல்ல, விலைக்கு வாங்குவது. அந்த விலைக்குச் சம்மதமா என்று தனியாக யோசித்துவிட்டுத்தான் கையெழுத்து.

உங்கள் நண்பர் விஷயம். இன்றே பேசி எழுத்தில் முடித்துவிடுங்கள். கதையில் அவர் பங்கு என்ன, திரைக்கதையும் சேர்ந்து எழுதுவாரா, டைட்டிலில் எப்படி வரும், வருமானத்தில் எத்தனை சதவீதம், அவர் பாதியில் விலகினால் நீங்கள் மட்டும் தொடரலாமா: ஒன்றரைப் பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டால் போதும். தேர்வான பிறகு நிதியமைப்பு உரிமை ஆவணம் கேட்கும்போது இந்தக் காகிதம் இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். தொகை உறுதியான பிறகு பேசுவது கடினம், நட்புக்கும் நல்லதல்ல.

வழக்கு உண்மையில் நடந்ததைத் தழுவியதா? அப்படியென்றால் யாருடைய பெயர், எந்த ஆவணம், அவதூறுச் சிக்கல் வருமா என்று வழக்கறிஞர் ஒருவர் பார்க்க வேண்டும். பட்ஜெட்டில் அந்த 500 அதற்கும்தான். நாவலையோ சிறுகதையையோ தழுவினால் எழுத்தாளரோடு ஆப்ஷன் ஒப்பந்தம் (குறிப்பிட்ட காலத்துக்குக் கதையை உங்களுக்கென்று ஒதுக்கிவைப்பது) வேண்டும், அதன் காலம் உங்கள் எழுத்து அட்டவணையைவிட நீளமாக இருக்க வேண்டும். 12 மாத அட்டவணைக்கு 9 மாத ஆப்ஷனை இணைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

---

காகிதக்கப்பல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கோடு போட்டுப் பார்த்தேன், நடுத் திருப்பம் ஏழாம் பக்கத்தின் அடியில்தான் வருகிறது. கதை முழுக்கக் கற்பனை, உண்மை வழக்கு எதுவும் இல்லை. நண்பரோடு பேசி எழுதிக்கொள்கிறோம்.

டெவலப்மென்ட் பிளானின் முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "இப்போதைய ட்ரீட்மென்ட்டில் நாயகி நடுப்பகுதி முழுவதும் கேட்பவளாக மட்டுமே இருக்கிறாள். நாடாவை எழுதி முடிக்காமல் தாமதப்படுத்துவதே அவளுடைய செயல் என்ற பாதையில் முதல் வரைவை எழுத விரும்புகிறேன். ஒரு எழுத்தாக்குபவர் மாட்டிக்கொள்ளாமல் எத்தனை விதமாகத் தாமதிக்க முடியும் என்பதை அந்த வேலையில் இருப்பவர்களிடமிருந்து அறிய ஒரு வாரம் தேவை."

மொழிபெயர்ப்பைப் பற்றி யாராவது சொல்லுங்கள். முழுக்கத் தமிழில் எழுதிவிட்டு மொழிபெயர்க்கக் கொடுப்பதா, சினாப்சிஸை நேராக ஆங்கிலத்தில் எழுதுவதா?

---

மூன்றாம்வரைவு எழுதியது:

பத்தி நன்றாக வந்திருக்கிறது. 'விரும்புகிறேன்' என்பதை மட்டும் 'எழுதப்போகிறேன்' என்று ஆக்குங்கள்.

---

இருகரை எழுதியது:

சினாப்சிஸையும் லாக்லைனையும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். அவை குறுகியவை, ஒவ்வொரு சொல்லும் எடை போடப்படும். பிறகு ஆங்கிலம் தாய்மொழியாகப் புழங்கும் ஒருவர் திருத்தட்டும். ட்ரீட்மென்ட்டையும் மாதிரிக் காட்சியையும் தமிழில் எழுதி மொழிபெயர்ப்பதே நல்லது. இல்லாவிட்டால் பாத்திரங்கள் ஆங்கிலத்தில் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள், பிறகு தமிழ் வசனம் எழுதும்போது அது ஒட்டாது.

மொழிபெயர்ப்பில் காணாமல் போவது பெரும்பாலும் உறவுதான். 'அண்ணன்' என்ற சொல்லிலேயே மூத்தவன் என்பது இருக்கிறது, ஆங்கிலத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை முதல் பக்கத்திலேயே வயதைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அதைவிடக் கடினம் 'நீ', 'நீங்க'. உங்கள் நாயகி அண்ணனை இத்தனை நாள் 'நீங்க' என்று கூப்பிட்டவள், நாடாவைக் கேட்ட இரவில் போனில் 'நீ அன்னிக்கு எங்க இருந்தே?' என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் அந்த இரண்டு எழுத்துக் குறைவிலேயே காட்சி முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல், ஒன்றுமே நடக்கவில்லை. அதைச் செயல் வரியில், அதாவது வசனத்துக்கு வெளியே நடப்பதைச் சொல்லும் வரியில் கொண்டுவாருங்கள்: "வாழ்க்கையில் முதல்முறையாக அவனை மரியாதை இல்லாமல் விளிக்கிறாள். எதிர்முனையில் அவன் பேசவில்லை." அடிக்குறிப்பு போட வேண்டாம், யாரும் கீழே பார்க்கமாட்டார்கள்.

பெயர்களையும் பாருங்கள். செல்வி, செல்வம், செந்தில் மூன்றும் நமக்கு மூன்று ஆட்கள். ரோமன் எழுத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று நீளப் பெயர்கள், நாளுக்கு முப்பது கோப்பு வாசிக்கும் ஆளுக்கு ஒருவராகவே தெரியும். முக்கியமான நான்கு பேருக்கும் வெவ்வேறு முதலெழுத்து, வெவ்வேறு நீளம் இருக்கட்டும்.

தமிழில் எழுவாயை விட்டுவிட்டே ஒரு பத்தி எழுதலாம், வினைமுற்று பார்த்துக்கொள்ளும். மொழிபெயர்ப்பாளர் அங்கே 'அவள்' போட வேண்டும், அது எந்த அவள் என்று ஊகிப்பார். இரண்டு பெண்கள் இருக்கும் காட்சிகளில் பெயரைப் போட்டே எழுதிக் கொடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் இந்தத் தவறு இன்னும் அதிகம், பாதியில் அவள் அவனாகிவிடுவாள். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினீர்களா என்ற கேள்வியும் சில படிவங்களில் இப்போது வருகிறது. எதற்குப் பயன்படுத்தினீர்களோ அதை உள்ளபடி எழுதிவிடுங்கள்.

---

நிழல்மேடை எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. நிராகரிப்பு வந்தால் அதே கோப்பை அடுத்த சுற்றுக்கு அப்படியே அனுப்பாதீர்கள். மறுபடி விண்ணப்பிக்கலாமா, எத்தனை முறை என்பது ஒவ்வொரு நிதியிலும் வேறுபடும். அனுமதித்தால், முன்பு அனுப்பியதிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று அரைப் பக்கக் குறிப்பு வையுங்கள். "திருத்தியிருக்கிறேன்" என்று எழுதாமல், "நடுத் திருப்பம் ஐந்தாம் பக்கத்துக்கு வந்திருக்கிறது, அண்ணனின் காட்சிகள் மூன்றிலிருந்து ஒன்றாகியிருக்கின்றன, முடிவு மாறியிருக்கிறது" என்று சொல்லுங்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவதில் பொதுவாகத் தடை இல்லை. இரண்டும் கிடைத்தால் ஒரே செலவை இரண்டிலும் காட்டக் கூடாது. முதல் வரைவு ஊதியம் ஒன்றிலிருந்து, இரண்டாம் வரைவும் மொழிபெயர்ப்பும் மற்றதிலிருந்து என்று பிரித்து, பட்ஜெட்டின் நிதி ஆதாரப் பகுதியில் 'உறுதியானது', 'விண்ணப்பித்திருப்பது' என்று தனித்தனியே குறியுங்கள். நண்பரோடு கையெழுத்திடும் காகிதத்தையும் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் வையுங்கள், தேர்வானால் முதலில் கேட்பது அதைத்தான்.